செல்லின் இரண்டு முனையையும் கம்பியால் சேர்த்தால் எத்தனை ஆம்பியர் ஓடும்? (அக மின்தடை, ஷார்ட் சர்க்யூட்)

#1 கடலூர் மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ படிக்கிறேன். மின்னோட்டவியல் பாடத்தில் ஒரு இடம் இடிக்கிறது.

மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். சரி. 1.5 வோல்ட் பென்சில் செல்லின் இரு முனைகளையும் செம்புக் கம்பியால் சேர்த்தால் கம்பியின் மின்தடை கிட்டத்தட்ட பூஜ்யம். அப்படியானால் மின்னோட்டம் முடிவிலி என்றல்லவா வர வேண்டும்? நிஜத்தில் செல் சுடுகிறது, கம்பி லேசாகச் சுடுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஷார்ட் ஆகும்போது முனைகளுக்கு இடையே மின்னழுத்தம் பூஜ்யம் என்று புத்தகத்தில் இருக்கிறது. வோல்ட்டே இல்லாமல் கரண்ட் எப்படி ஓடும்?

மூன்றாவது, மாமாவின் பைக். பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.4 காட்டுகிறது. செல்ஃப் அடித்தால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. எட்டு பென்சில் செல்லை வரிசையாக வைத்தாலும் 12 வோல்ட்தானே, அதில் ஸ்டார்ட் ஆகுமா?

#2 சால்டரிங்

உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. சுற்றில் கம்பியின் மின்தடையை மட்டும் கணக்கில் எடுத்தீர்கள். செல்லுக்குள்ளும் மின்னோட்டம் ஓடியாக வேண்டும் இல்லையா? உள்ளே இருக்கும் பசை, தகடு, இணைப்பு எல்லாமே தடுக்கும். அதுதான் அக மின்தடை. புது ஆல்கலைன் பென்சில் செல்லில் அது சுமார் 0.2 ஓம். கம்பி பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டாலும் 1.5 ÷ 0.2 = 7.5 ஆம்பியர்தான் உச்சம். அதற்கு மேல் அந்தச் செல்லிடம் கேட்டாலும் வராது.

மற்ற பேட்டரிகள் தோராயமாக:

சிஆர்2032 பட்டன் செல், 3 வோல்ட்: புதிதில் 10 முதல் 20 ஓம். ஷார்ட் செய்தால் கால் ஆம்பியர் வந்தாலே அதிகம்.
9 வோல்ட் சதுர பேட்டரி: ஒன்றரை, இரண்டு ஓம்.
18650 லித்தியம் செல் (லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் உருளைச் செல்): 0.02 முதல் 0.08 ஓம்.
கார் பேட்டரி: 0.005 முதல் 0.01 ஓம் வரை.

கடைசி இரண்டு வரிகளையும் இன்னொரு முறை பாருங்கள். 12.6 வோல்ட்டை 0.006 ஆல் வகுத்தால் 2100 ஆம்பியர். கார் பேட்டரி 12 வோல்ட்தானே, தொட்டால் ஷாக் அடிக்காதே என்று அசட்டையாக இருப்பவர்கள் உண்டு. ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் ஸ்பானர் இரண்டு முனையிலும் விழுந்தால் விழுந்த இடத்திலேயே வெல்டிங் ஆகிவிடும்.

அந்தப் பட்டன் செல் பற்றி ஒன்று. சாவிக்கொத்து டார்ச்சைப் பிரித்துப் பாருங்கள். பலவற்றில் எல்இடியும் செல்லும் நேராக இணைந்திருக்கும், நடுவில் ரெசிஸ்டரே இருக்காது. எல்இடி எரிந்து போகாமல் இருப்பதற்கு செல்லின் அக மின்தடைதான் காரணம். ரெசிஸ்டரின் வேலையைச் செல்லே பார்த்துக்கொள்கிறது. கரண்ட் குறைவு என்பதால் அது பாதுகாப்பானது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். எச்சில் ஈரத்தில் ஓடும் சிறு மின்னோட்டமே அந்த இடத்தில் காரத்தை உண்டாக்கிவிடுகிறது. விழுங்கிய சந்தேகம் இருந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

#3 இயற்பியல் வாத்தியார்

தம்பி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

மின்னியக்கு விசை வேறு, முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தம் வேறு. உள்ளே நடக்கும் வேதிவினை ஒவ்வொரு கூலும் மின்னூட்டத்துக்கும் 1.5 ஜூல் ஆற்றலைத் தருகிறது. அது ஷார்ட்டிலும் மாறுவதில்லை. அந்த ஆற்றலை எங்கே செலவழிக்கிறோம் என்பதுதான் மாறுகிறது. டார்ச் பல்பு இருந்தால் பெரும்பகுதி பல்புக்குப் போகும், சிறிதளவு செல்லுக்குள் வெப்பமாகும். வெளியே மின்தடையே இல்லாவிட்டால் 1.5 ஜூலும் செல்லுக்குள்ளேயே வெப்பமாகித் தீர்ந்துவிடும். முனைக்கு வரும்போது மிச்சம் ஒன்றும் இல்லை. மீட்டர் பூஜ்யம் காட்டுவது அந்த மிச்சத்தைத்தான். மின்னோட்டத்தை ஓட்டும் விசை உள்ளே முழுதாக இருக்கிறது.

முனை மின்னழுத்தம் = மின்னியக்கு விசை − (மின்னோட்டம் × அக மின்தடை). இந்த ஒரு வரி போதும். மின்னோட்டம் பூஜ்யமானால் மீட்டர் மின்னியக்கு விசையைக் காட்டும். உங்கள் மாமாவின் பைக்கில் 12.4 காட்டுவது அதனால்தான். மல்டிமீட்டர் தன் பங்குக்கு மைக்ரோ ஆம்பியர் அளவில்தான் மின்னோட்டம் எடுக்கிறது. அந்த 12.4 பேட்டரியின் பலத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

இது பிற்காலத்தில் ஒட்டவைத்த கருத்து என்று நினைப்பவர்கள் உண்டு. ஓமின் ஆய்விலேயே இது இருக்கிறது. ஜார்ஜ் சைமன் ஓம் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது செய்த சோதனை அது. முதலில் வோல்டா அடுக்கை, அதாவது அந்தக் காலத்து பேட்டரியை வைத்து அளந்தார். அது நிலையாக நிற்கவில்லை. சுற்றை மூடியதும் மின்னோட்டம் எகிறி, பிறகு சரிந்துகொண்டே போனது. இயற்பியலாளர் போகெண்டார்ஃப் சொன்ன யோசனைப்படி பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்பமின் இரட்டைக்கு (இரண்டு சந்திகளின் வெப்பநிலை வித்தியாசத்தால் மின்னோட்டம் தரும் அமைப்புக்கு) மாறினார். ஒரு சந்தி கொதிநீரில், இன்னொன்று பனிக்கட்டியில். நீளம் மாறுபட்ட எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டி காந்த ஊசியின் விலகலை அளந்தார். 1826இல் அவர் வெளியிட்ட சூத்திரத்தில் விலகல் என்பது ஒரு மாறிலியை இரண்டு எண்களின் கூட்டலால் வகுத்தால் கிடைப்பது. அந்த இரண்டில் ஒன்று சோதனைக் கம்பியின் நீளம். மற்றொன்று, கம்பி போக மீதிச் சுற்றின் தடை. கம்பியின் நீளத்தைப் பூஜ்யமாக்கினாலும் மற்ற எண் அங்கேயே நிற்கும். விடை முடிவிலிக்குப் போகாது. உங்கள் கேள்விக்கு விடை ஓமின் முதல் சூத்திரத்திலேயே இருக்கிறது. நாம் வகுப்பில் பாதியை விட்டுவிட்டுச் சொல்லித் தருகிறோம், அது எனக்கு வருத்தம்.

#4 கடலூர் மாணவன்

நன்றி சார், நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். வெப்பமெல்லாம் செல்லுக்குள் என்கிறீர்கள். ஆனால் கார் பேட்டரியில் மெல்லிய கம்பியைச் சேர்த்தால் கம்பிதான் பழுத்து உருகுகிறது, வீடியோக்களில் பார்த்திருக்கிறேன். பேட்டரிக்கு ஒன்றும் ஆவதில்லையே?

#5 சால்டரிங்

நல்ல கேள்வி. ஒரே கம்பியை இரண்டிலும் போட்டுக் கணக்குப் பார்ப்போம். அரை மில்லிமீட்டர் தடிமன், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பி. அதன் மின்தடை சுமார் 0.026 ஓம்.

பென்சில் செல்லில்: மொத்த மின்தடை 0.226 ஓம், மின்னோட்டம் 6.6 ஆம்பியர். கம்பியில் ஒரு வாட்டுக்குச் சற்று அதிகம், செல்லுக்குள் கிட்டத்தட்ட 9 வாட். அதனால்தான் நீங்கள் பார்த்தபோது செல் சுட்டது, கம்பி லேசாகச் சுட்டது. கம்பியின் இரு முனையிலும் மீட்டரை வைத்தால் 0.17 வோல்ட் காட்டும். மீதி 1.33 வோல்ட் செல்லுக்குள்ளேயே இறங்கிவிட்டது.

கார் பேட்டரியில்: மொத்தம் 0.032 ஓம், மின்னோட்டம் 390 ஆம்பியருக்கு மேல். கம்பியில் 4000 வாட், பேட்டரிக்குள் 900 சொச்சம். அந்தக் கம்பியின் மொத்த எடையே அரை கிராம்தான். அதை உருக்க 300 ஜூல் சொச்சம் போதும், அதாவது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம். பேட்டரியோ பத்துப் பதினைந்து கிலோ. அந்த நேரத்தில் அது சூடேறியதே தெரியாது.

ஆக, எந்தப் பக்கம் மின்தடை அதிகமோ அந்தப் பக்கம்தான் வெப்பம் அதிகம். கம்பியை இன்னும் தடிமனாக்கினால் கம்பி பிழைக்கும், வெப்பம் பேட்டரிக்குள் திரும்பும். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று மாட்டும்.

யாரும் கார் பேட்டரியில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். உருகிய செம்பு கண்ணில் தெறிக்கும்.

#6 பேட்டரிக்கடை

சார்ஜ் போடும் கடை வைத்திருக்கிறேன். சால்டரிங் தம்பி ஸ்பானர் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் கடையில் வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் பாடம்: மோதிரம், இரும்புச் செயின் வைத்த வாட்ச், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேட்டரிப் பக்கம் வர வேண்டும். ஸ்பானர் பாசிட்டிவ்வில் இருக்கும்போது மோதிரம் பாடியில் பட்டால் மோதிரம் விரலைச் சுற்றியபடியே பழுத்துவிடும். கழற்ற நேரம் கிடைக்காது. அப்புறம், கழற்றும்போது நெகட்டிவ்வை முதலில் கழற்றுவது, மாட்டும்போது கடைசியில் மாட்டுவது. நெகட்டிவ் கழன்ற பிறகு ஸ்பானர் பாடியில் பட்டாலும் சுற்று முழுமையாகாது.

இப்போது பைக். டிக் டிக் சத்தம் எப்படி வருகிறது தெரியுமா? பட்டனை அழுத்தினால் ரிலே (மோட்டாரை இணைக்கும் காந்த சுவிட்ச்) இழுக்கும். அதற்குச் சிறு கரண்ட் போதும், 12.4இல் தாராளமாக இழுக்கும். இழுத்ததும் மோட்டார் இணைந்து பெரிய கரண்ட் கேட்கும். பேட்டரி நோஞ்சானாக இருந்தால் வோல்ட் பட்டென்று சரியும். சரிந்ததும் ரிலே பிடியை விடும். மோட்டார் விலகியதும் வோல்ட் பழையபடி ஏறும், ரிலே மறுபடி இழுக்கும். இதுதான் டிக் டிக்.

சுற்றத் தொடங்காத மோட்டாரை 0.15 ஓம் என்று வையுங்கள். நல்ல பைக் பேட்டரி 0.025 ஓம் இருந்தால் 70 ஆம்பியர் கிடைக்கும், முனையில் 10.6 வோல்ட் நிற்கும். அதே பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் உப்பு படிந்து 0.15 ஓம் ஆகிவிட்டால் 41 ஆம்பியர், முனையில் 6.2 வோல்ட். மீட்டரில் இரண்டுமே சும்மா இருக்கும்போது 12.4தான்.

எட்டு பென்சில் செல் வைத்தால்? அக மின்தடைகள் வரிசையில் கூடிக்கொண்டே போகும், 1.6 ஓம். கிடைப்பது 7 ஆம்பியருக்கும் கீழே, மோட்டார் முனையில் ஒரே ஒரு வோல்ட். அசையக்கூட அசையாது.

பேட்டரியைக் குறை சொல்லும் முன் ஒன்று பார்க்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் ஈய முனையில் வைக்கவும், இன்னொன்றை அதே முனையில் மாட்டியிருக்கும் வயரின் கிளாம்பில் வைக்கவும். இரண்டும் ஒரே முனைதான், பூஜ்யம் காட்டும். இப்போது செல்ஃப் அடிக்கவும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் கோளாறு பேட்டரியில் இல்லை, தொடர்பில். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டி, முறுக்கினால் சரியாகிவிடும். புது பேட்டரி வாங்கிய பிறகும் ஸ்டார்ட் ஆகாமல் திரும்பி வரும் வண்டிகளில் பாதிக்கு இதுதான் கதை.

#7 நேர்கோடு

> அக மின்தடை 0.2 ஓம், 0.025 ஓம்

எல்லோரும் பேட்டரிக்குள் ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்திருப்பது போலப் பேசுகிறீர்கள். அது எனக்கு ஒப்பவில்லை. பென்சில் செல்லை ஷார்ட் செய்துகொண்டே மின்னோட்டத்தைப் பார்த்தால் முதலில் ஏழோ எட்டோ காட்டி, சில வினாடிகளில் குறையத் தொடங்குகிறது. சுமையை (கரண்ட் இழுப்பதை) எடுத்த பிறகு வோல்ட் ஒரேயடியாக எழுவதில்லை, பாதி உடனே ஏறுகிறது, மீதி நிமிஷக் கணக்கில் ஊர்ந்து ஏறுகிறது. ரெசிஸ்டர் இப்படியா நடந்துகொள்ளும்? கணக்கு வசதிக்கு வைத்த ஒரு எண்ணை நிஜப் பொருள் போல மாணவனுக்குச் சொல்லித் தருவது சரியா?

#8 இயற்பியல் வாத்தியார்

நேர்கோடு சொல்லும் கவனிப்பு இரண்டும் சரி. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

உள்ளே குறைந்தது மூன்று தடைகள் இருக்கின்றன. தகடு, முனை, மின்பகுளி (அயனிகள் நகரும் உள் திரவம் அல்லது பசை) ஆகியவற்றின் சாதாரண மின்தடை முதலாவது. அது உங்கள் ரெசிஸ்டர் போலவே நடந்துகொள்ளும். சுமை விலகிய கணத்தில் உடனே ஏறும் பாதி அதுதான். தகட்டின் மேற்பரப்பில் அயனி மின்னூட்டத்தைக் கைமாற்றும்போது ஏற்படும் தடை இரண்டாவது. மூன்றாவது, வினையில் தீர்ந்துபோன அயனிகளுக்குப் பதில் புதியவை உள்ளிருந்து நகர்ந்து வர ஆகும் தாமதம். ஊர்ந்து ஏறும் மீதி இதன் வேலை. ஷார்ட்டில் மின்னோட்டம் குறைந்துகொண்டே போவதும் இதனால்தான்: தகட்டின் அருகே சரக்கு தீர்கிறது, தூரத்திலிருந்து வந்து சேர முடியவில்லை.

எனவே அக மின்தடை ஒரே எண் அல்ல, எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் செலுத்தி அளக்கும் மில்லிஓம் மீட்டர் பெரும்பாலும் முதல் பகுதியைத்தான் பார்க்கும், குறைவாகக் காட்டும். நேர்மின்னோட்டச் சுமையைப் பத்து வினாடி வைத்து அளந்தால் மூன்றும் சேர்ந்து வரும், அதிகமாகக் காட்டும். இரண்டும் பொய்யல்ல. பைக் ஸ்டார்ட் ஆகுமா என்று தெரிய வேண்டுமானால் இரண்டாவது முறைதான் பயன்படும்.

ஆனால் அந்த வெப்பம் நிஜம். ஷார்ட்டில் செல் சுடுவதை எண்ணால் மட்டும் விளக்க முடியாது, ஆற்றல் உண்மையில் உள்ளேதான் வெப்பமாகிறது. பிளஸ் டூ அளவில் ஒரு ரெசிஸ்டராக எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பது என் கருத்து.

#9 நேர்கோடு

சார், அந்த மூன்றாகப் பிரித்ததை ஏற்றுக்கொள்கிறேன். பாடப்புத்தகத்தில் "இது மாறக்கூடிய எண்" என்று ஒரு வரியாவது சேர்த்தால் நன்றாக இருக்கும் என்பதை மட்டும் விட மாட்டேன்.

#10 ரொறொன்ரோ தம்பு

மாறக்கூடிய எண் எண்டதுக்கு எங்கட ஊர்தான் நல்ல சாட்சி. இங்கை தை மாதத்திலை −20 பாகைக்கு இறங்கும். முதல் நாள் மாலை ஒழுங்கா ஓடின கார் விடியக் காலமை எழும்பாது. பற்றரிக்குள்ளை அமிலம் குளிரிலை தடிச்சு, அயனிகள் நகர ஏலாமல் அக மின்தடை கூடிவிடும். அதே நேரம் எஞ்சின் ஒயிலும் இறுகிப்போய் மோட்டார் வழமையை விடக் கூடுதல் கரண்ட் கேட்கும். இரண்டு பக்கத்தாலும் அடி.

பற்றரியின் மேலே சிசிஏ எண்டு ஒரு எண் அடிச்சிருக்கும். −18 பாகைக் குளிரிலை 30 செக்கனுக்கு, 7.2 வோல்ற்றுக்குக் கீழை போகாமல் எத்தனை அம்பியர் தரும் எண்டதுதான் அது. யோசிச்சுப் பாருங்கோ, இது அக மின்தடையைச் சுத்தி வளைச்சுச் சொல்லுறதுதான். 600 எண்டு போட்டிருந்தால் 12.6இலை இருந்து 7.2 வரை, அதாவது 5.4 வோல்ற் உள்ளே போகுது. 600 ஆலை பிரிச்சால் 0.009 ஓம். இங்கை பற்றரி வாங்கிறவை அம்பியர் ஹவரைப் பார்க்கிறதை விட இந்த எண்ணைத்தான் முதலிலை பார்ப்பினம்.

பக்கத்துக் காரிலை இருந்து கேபிள் போட்டு எழுப்பிறதெண்டால் மெல்லிய மலிவுக் கேபிள் வாங்காதேங்கோ. 0.02 ஓம் கேபிளிலை 200 அம்பியர் ஓடினால் 4 வோல்ற் கேபிளிலேயே போயிடும். கடைசி நெகற்றிவ் கவ்வியை இறங்கின பற்றரியிலை போடாமல் எஞ்சின் இரும்பிலை தள்ளிப் போடவேணும். பற்றரியிலை இருந்து வாற ஹைட்ரஜன் வாயு அந்தப் பொறியிலை பத்தும்.

#11 ஈரோடு மல்லி

வீட்டில் எல்லோரும் செய்யும் ஒரு விஷயம் கேட்கிறேன். டார்ச்சில் எரியாத செல்லை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடுகிறது. என் அம்மா ரிமோட் செல்லை வெயிலில் காயவைத்துப் போடுவார், கொஞ்ச நாள் வேலை செய்யும். ரிமோட்டில் செல்லைக் கட்டைவிரலால் உருட்டிவிட்டாலும் வேலை செய்யும். இதெல்லாம் அக மின்தடைதானா?

#12 சால்டரிங்

முதல் இரண்டும் அதேதான். மூன்றாவது அதன் ஒன்றுவிட்ட உறவு.

என்னிடம் இருந்த இரண்டு செல்களை இப்போதுதான் அளந்தேன். 3.3 ஓம் ரெசிஸ்டரைச் சுமையாக வைத்தேன். புது செல்: சும்மா இருக்கும்போது 1.58, சுமையில் 1.49. மின்னோட்டம் 0.45 ஆம்பியர், 0.09 வோல்ட் குறைந்திருக்கிறது, ஆக 0.2 ஓம். பழைய செல்: சும்மா 1.38, சுமையில் 0.95. மின்னோட்டம் 0.29, குறைந்தது 0.43, ஆக 1.5 ஓம். சும்மா அளந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.2 வோல்ட்தான். உள்ளேயோ ஏழு மடங்கு வித்தியாசம்.

டார்ச் நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் கேட்கும், பழைய செல் அங்கே விழுந்துவிடும். கடிகாரம் சராசரியாக ஒரு மில்லிஆம்பியர்கூடக் கேட்காது. 1.5 ஓமில் அத்தனை சிறிய கரண்டுக்கு என்ன இழப்பு? கண்டுகொள்ளவே வேண்டாம். அதனால்தான் ஓடுகிறது. உங்கள் வீட்டில் செய்வது சரியான சிக்கனம்.

வெயிலில் வைத்தால் வினை வேகமாகும், அயனிகள் எளிதாக நகரும், மின்தடை சற்றுக் குறையும். தம்பு அண்ணா சொன்ன குளிருக்கு நேர் எதிர். செல்லுக்குள் புதிதாக ஆற்றல் எதுவும் வந்துவிடவில்லை. ஆறினால் பழைய நிலைதான். அடுப்பருகே வைப்பது, கல்லால் தட்டுவது மட்டும் வேண்டாம், கசிந்துவிடும்.

உருட்டினால் முனையிலும் ஸ்பிரிங்கிலும் படிந்த துரு சுரண்டப்படுகிறது. அது செல்லுக்கு வெளியே உள்ள தொடர்பின் தடை. பேட்டரிக்கடை அண்ணன் கிளாம்பில் அளக்கச் சொன்னாரே, அதே சங்கதி.

#13 கடலூர் மாணவன்

அண்ணா, கிளாம்பில் அளந்தோம். பாசிட்டிவ் பக்கம் ஒன்றுமில்லை. நெகட்டிவ் பக்கம் செல்ஃப் அடிக்கும்போது 3 வோல்ட் காட்டியது. போல்ட் லூசாக இருந்தது, உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கியதும் முதல் அழுத்தலிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. மாமா பேட்டரி வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தார்!

#14 பேட்டரிக்கடை

நல்லது தம்பி. தேய்த்த இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவச் சொல்லுங்கள், சீக்கிரம் பூக்காது.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "பேட்டரி ஃபுல் காட்டுது, கரண்ட் போனதும் பத்து நிமிஷத்தில் நின்றுவிடுது" என்று வருபவர்கள்தான் அதிகம். 55 ஆம்பியர் இழுக்கும் சுமையில் நல்ல 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியில் 0.3 வோல்ட் குறைந்தாலே அதிகம். சல்ஃபேட் பிடித்து 0.04 ஓம் ஆகிவிட்டால் 2.2 வோல்ட் உள்ளேயே போய்விடும். 12.6 இருந்தது 10.4 ஆகிவிட்டால் இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கட் செய்துவிடும். சார்ஜ் ஏற்றும்போதும் அதே கூத்து தலைகீழாக நடக்கும்: உள் தடையால் முனை வோல்ட் சீக்கிரமே 14.4 தொட்டுவிடும், சார்ஜர் நிறைந்துவிட்டது என்று நிறுத்திவிடும். சார்ஜ் ஏறவும் சீக்கிரம், இறங்கவும் சீக்கிரம் என்றால் வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு கேஸ், ஓய்வில் வைத்தாலே 10.5 காட்டும் பேட்டரி. ஆறு அறையில் ஒன்று உள்ளேயே ஷார்ட். தகட்டிலிருந்து உதிர்ந்த தூள் அடியில் மண்டியாகச் சேர்ந்து இரண்டு தகட்டையும் தொட்டிருக்கும், அல்லது நடுவில் இருக்கும் பிரிப்பான் ஓட்டையாகியிருக்கும். அதற்கு மருந்து கிடையாது.

#15 வயர்மேன்

வீட்டு 230 வோல்ட்டிலும் இதே கதைதான். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கும் உள் மின்னெதிர்ப்பு உண்டு. 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரில் அது சுமார் 4.5 சதவீதம். அதன் முனையிலேயே ஷார்ட் ஆனால் முழுச்சுமையான 133 ஆம்பியரைப் போல 22 மடங்கு (100 ÷ 4.5), கிட்டத்தட்ட 3000 ஆம்பியர் ஓடும். உங்கள் வீட்டுக்கு வரும் வயரின் நீளம் அதை இன்னும் குறைக்கும். எம்சிபியின் (ஷார்ட் ஆனால் தானாக விழும் சுவிட்ச்) மேல் 6000 அல்லது 10000 என்று ஒரு கட்டத்துக்குள் அடித்திருப்பது, அத்தனை ஆம்பியர் ஷார்ட்டைக்கூட உடையாமல் துண்டிக்கும் என்பதற்கான எண். பேட்டரிச் சுற்றில் ஏசி எம்சிபியைப் போடாதீர்கள். நேர்மின்னோட்டத்தின் பொறி தானாக அணையாது.

#16 கடலூர் மாணவன்

கடைசியாக ஒன்று. அக மின்தடை குறைந்தால் பேட்டரி நல்லது என்று புரிகிறது. அப்படியானால் அது குறையக் குறைய ஆபத்தும் கூடுமா? எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், போன் பேட்டரி எல்லாம் தீப்பிடிப்பது இதனாலா?

#17 சால்டரிங்

ஆமாம், இரண்டும் சேர்ந்தே வரும். தாராளமாகக் கொடுக்கும் பேட்டரி ஷார்ட்டிலும் தாராளமாகத்தான் கொடுக்கும்.

0.04 ஓம் உள்ள ஒரு 18650 செல்லை எடுங்கள். முழு சார்ஜில் 4.2 வோல்ட். வெளியே ஷார்ட் செய்தால் 105 ஆம்பியர், 440 வாட். அந்தச் செல்லின் எடை 45 கிராம்தான். வினாடிக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் சூடேறும். உள்ளே தகடுகளைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தாள் 130 பாகை வாக்கில் உருகத் தொடங்கும். அதற்கப்புறம் தகடுகள் ஒன்றையொன்று தொடும், வேதிப்பொருள்களே வெப்பம் வெளியிடத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் வெளி ஷார்ட்டை எடுத்துவிட்டாலும் நிற்காது.

வெளி ஷார்ட்டுக்கு வழி இருக்கிறது. பல செல்களின் மூடிக்குள் ஒரு வளையம் வைத்திருப்பார்கள், சூடானால் அதன் மின்தடை பல மடங்கு ஏறி மின்னோட்டத்தை அடக்கும். பேட்டரிப் பேக்கில் ஃபியூஸும் பிஎம்எஸ்ஸும் (செல்களைக் கண்காணித்துத் துண்டிக்கும் மின்னணுப் பலகை) இருக்கும். உள் ஷார்ட்டுக்கு அந்த வழி கிடையாது. மின்னோட்டம் ஃபியூஸ் வழியாகப் போவதே இல்லையே! செல்லின் மொத்த ஆற்றலும் குண்டூசி முனை அளவு இடத்தில் பாயும்.

2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 திரும்பப் பெறப்பட்டதே, அதன் விசாரணை முடிவு 2017 ஜனவரியில் வந்தது. ஒரு தயாரிப்பாளரின் பேட்டரியில் மேல் மூலையில் எதிர்முனைத் தகடு மடங்கியிருந்தது. மாற்றாக வந்த பேட்டரியில் நேர்முனைப் பட்டையில் வெல்டிங் பிசிறு கூராக நின்று பிரிப்பானைத் துளைத்திருந்தது. இரண்டு வெவ்வேறு கோளாறு, முடிவு ஒன்றே. 2013 ஜனவரியில் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் போயிங் 787இன் பேட்டரி எரிந்ததும் அப்படித்தான். எட்டு செல்களில் ஒன்றில் உள் ஷார்ட், அந்த வெப்பம் பக்கத்துச் செல்களுக்குப் பரவியது. உலகெங்கும் அந்த ரக விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. பிறகு செல்களுக்கு நடுவே கூடுதல் காப்பு வைத்து, பேட்டரி முழுவதையும் எஃகுப் பெட்டிக்குள் அடைத்து, புகை வெளியே போகக் குழாய் வைத்த பிறகுதான் பறந்தன. ஒரு செல்லில் ஷார்ட் வராது என்று யாராலும் உறுதி தர முடியாது, வந்தால் பக்கத்துக்குப் பரவக் கூடாது என்று கட்டினார்கள். எனக்கு அந்த அணுகுமுறை மிகவும் பிடிக்கும்.

#18 ஈரோடு மல்லி

என் தம்பி பவர் பேங்க் செய்கிறேன் என்று பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய செல்களை ஒரு டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறான். சும்மா வைத்திருந்தால் பரவாயில்லையா?

#19 சால்டரிங்

இன்றைக்கே எடுத்துப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள் மேடம். 18650இல் வெளி உறை முழுவதும் எதிர்முனை. நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பும் எதிர்முனைதான், நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி மட்டும். கலர் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் ஒரு திருகாணி, ஒரு நாணயம் போதும். கழற்றும்போது செல்களைச் சேர்த்திருந்த உலோகப் பட்டையை இழுத்துக் கிழித்திருப்பார், அந்தப் பிசிறு வேறு நிற்கும். உறை கிழிந்தது, நசுங்கியது, 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது எல்லாவற்றையும் ஒதுக்கிவிடட்டும். அவற்றைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். மற்றவற்றின் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி அறை இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கலாம்.

9 வோல்ட் சதுர பேட்டரிக்கும் இதையே செய்யுங்கள். இரண்டு முனையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் டிராயரில் சாவியோ பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரோ பட்டாலே போதும். இரும்பு நார் உடனே பற்றிக்கொள்ளும்.

#20 பேட்டரிக்கடை

மேடம், டப்பா இரும்பு டப்பாவா பிளாஸ்டிக்கா? பிஸ்கட் டின் மாதிரி இருந்தால் டேப் ஒட்டும் வரை காத்திருக்காமல் முதலில் செல்களை ஒரு துணிமேல் தனித்தனியாகப் பரப்பி வைத்துவிடுங்கள். ஏதாவது ஒன்று வெதுவெதுப்பாகவோ உப்பியோ இருந்தால் அதை மட்டும் வீட்டுக்கு வெளியே, தரையில், மணல் போட்ட மண்சட்டிக்குள் வைக்கவும்.